நட்சத்திரக் குறி

அந்தப் பள்ளிக்கு மணி கிடையாது, மைதானம் கிடையாது, மரத்தடி கிடையாது. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நீளமாக ஓர் அறை. அதைப் பலகை வைத்து ஐந்தாகத் தடுத்திருந்தார்கள். தடுப்புக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தலையில் மாட்டுகிற மைக், அதற்கு ஓர் ஆசிரியர். பிள்ளைகள் எல்லாம் திரையில். வாசல் பலகையில் 'இணையவழிப் பொதுப் பள்ளி' என்று கௌரவமாகத்தான் எழுதியிருந்தது. கீழே டயர் கடைக்காரர் 'டிவி பள்ளிக்கூடம்' என்பார். வழி கேட்டு வருகிறவர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் புரியும்.

கணக்கு டீச்சருக்கு அந்தப் பள்ளிதான் உயிர். காரணம் அவள் தொண்டை. பிறவியிலேயே மெல்லிய குரல். செங்கல் வைத்துக் கட்டிய பள்ளிகளில் அவள் பட்ட பாடு நாய் படாது. நாலாவது பெஞ்சைத் தாண்டிக் குரல் போகாது. கடைசி பெஞ்சுக்காரர்கள் அவளுக்குக் 'கொசு' என்று பேர் வைத்து, அவள் வாயைத் திறந்ததும் காதோரம் கையால் விசிறிக்கொள்வார்கள். தலைமையாசிரியர்கள் 'கொஞ்சம் சத்தமா' என்று அறிவுரை சொல்வார்கள். குள்ளனைப் பார்த்துக் கொஞ்சம் வளரேன் என்பது போலத்தான்.

இங்கே வந்த முதல் நாள் மைக்கை மாட்டிக்கொண்டு, "எல்லாருக்கும் கேக்குதா?" என்றாள்.

"கேக்குது டீச்சர்" என்று திரை முழுக்கப் பதில் வந்தது. அவள் வாழ்நாளில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை, கட்டின புருஷன் உட்பட. அன்று மதியம் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை. இருமலுக்காக மைக்கை அணைப்பாள். மறுபடி போட மறந்துவிடுவாள். சமன்பாட்டின் பாதி ஊமைப் படமாக ஓடிக்கொண்டிருக்கும். மற்ற பிள்ளைகள் இதுதான் சாக்கு என்று சும்மா இருப்பார்கள். ஒருத்தி மட்டும் விடமாட்டாள்.

"டீச்சர், மைக் ஆஃப்ல இருக்கு!"

பத்தாம் வகுப்புப் பெண். தினமும் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே 'மைக்' என்று பேர் நிலைத்துவிட்டது. அவள் அப்பா தொலைதூர லாரி டிரைவர். அம்மா போன பிறகு பெண்ணைத் தனியாக விட மனசு வராமல் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். டிரைவருக்குப் பக்கத்து சீட்தான் அவளுக்கு வீடு, வகுப்பறை எல்லாம். அவள் பதில் சொல்லும்போது கூடவே ஹாரன் சத்தமும் வரும். மலைப்பாதையில் வண்டி ஏறினால் சிக்னல் அறுந்து, வாயைத் திறந்தபடி படமாக உறைந்துபோவாள். நகர்ந்துகொண்டே இருக்கிற பிள்ளைக்கு நகராத பள்ளி எதற்கு ஆகும்? இந்தப் பள்ளி ஒன்றுதான் அவளோடு கூடவே போனது.

மற்றவர்களும் அப்படித்தான். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற பையன், கூட்டத்தைக் கண்டால் பேச்சு அடைத்துக்கொள்கிற பெண், அடிதடியில் எல்லாப் பள்ளியிலும் பேர் வெட்டப்பட்டவன். ஊர் சலித்துக் கொட்டியதை எல்லாம் அந்தப் பள்ளி மடியேந்தி வாங்கிக்கொண்டது. அப்புறம் சலிக்கிற பள்ளிகளோடு அதை ஒரே தராசில் வைத்து நிறுப்பார்கள். நியாயத்தைப் பேச நாம் யார்?

வருஷா வருஷம் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்கம் வெளியிடும். தேர்ச்சி எவ்வளவு, படிக்கிறவர்கள் யார் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நோயாளிப் பிள்ளைகள் எத்தனை, நிலையான முகவரி இல்லாதோர் எத்தனை, இப்படி. எந்தக் கட்டத்திலாவது ஆள் பத்துக்குக் குறைந்தால் எண்ணைப் போடாமல் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். இன்ன பிள்ளை என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். பள்ளியே குட்டி என்பதால் இவர்களுடைய பக்கத்தில் எண்ணைவிட நட்சத்திரம்தான் ஜாஸ்தி.

சதவீதப் பாடம் நடத்தும்போது டீச்சர் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள்.

"டீச்சர், 'நிலையான முகவரி இல்லாதோர்'னு இருக்கே, அந்த நட்சத்திரம் நான்தானே?" என்றாள் மைக்.

"நீ மட்டும் இல்லம்மா. உன்னை மாதிரி ஒண்ணு ரெண்டு பேர் இருக்கலாம்."

"வேற யாரு டீச்சர் லாரியில குடியிருக்கா? நான்தான். நான் ஸ்டாரு!"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டே, "பத்துக்குக் கீழ போனா நட்சத்திரம். மனசுல வச்சுக்கோங்க" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று யாருக்கும் அது உறைக்கவில்லை.

பரீட்சைக்குக் கொஞ்ச காலம் முன்னால் பெரிய சார் எல்லோரையும் கூப்பிட்டார். தலைமையாசிரியரைத்தான் அப்படிச் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் 'சதவீதம்' என்பார்கள். காபி நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட 'எண்பது சதவீதம்' என்கிற ஆள்.

"துறையில இருந்து சொல்லிட்டாங்க" என்றார். "போன வருஷம் பத்தாம் வகுப்புல பாதிகூடத் தேறல. இந்த வருஷம் அறுபது சதவீதத்தைத் தாண்டணும். அறுபதுன்னா பத்தாது, தாண்டணும். இல்லேன்னா கடையை மூடிடுவாங்க. பிள்ளைங்களை அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பிரிச்சு விட்டுடுவாங்களாம்."

"அக்கம்பக்கமா? எந்தப் பக்கம் சார்?" என்றார் மொழி வாத்தியார். "நம்ம பிள்ளைங்க ஒண்ணு ஆஸ்பத்திரியில கிடக்குது, ஒண்ணு லாரியில போகுது."

பெரிய சார் அதைக் காதில் வாங்காமல் கணக்கு டீச்சர் பக்கம் திரும்பினார். "பரீட்சைக்கு முன்னாடி வேற பள்ளிக்கு மாறிப்போன பிள்ளை நம்ம கணக்குல வராது. நான் ஒண்ணும் சொல்லல. கணக்கு டீச்சர் நீங்க. நீங்களே போட்டுப் பாருங்க."

ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்கிற வித்தைக்குத்தான் சம்பளம் கூட.

அவள் போட்டுப் பார்த்தாள். வகுப்பில் பன்னிரண்டு பேர். கண்ணை மூடிக்கொண்டு தேறுவார்கள் என்று ஆறு பேரைச் சொல்லலாம். பன்னிரண்டில் ஆறு பாதி. இரண்டு பேரை எடுத்தால் பத்தில் ஆறு. சரியாக அறுபது, தாண்டவில்லை. மூன்று பேரை எடுத்தால் ஒன்பதில் ஆறு. தாண்டிவிட்டது.

முதல் இரண்டு பேரில் சிக்கல் இல்லை. ஒருவன் நீச்சல்காரன், தண்ணீரைவிட்டு அவன் வெளியே வந்ததே கிடையாது, விளையாட்டுப் பள்ளியில் இடம் கிடைத்ததும் அவன் வீட்டார் சந்தோஷமாகப் பேரை எடுத்துக்கொண்டார்கள். இன்னொருத்திக்குக் கைக்குழந்தை, அடுத்த வருஷம் எழுதுகிறேன் டீச்சர் என்று அவளே கேட்டுக்கொண்டாள். மூன்றாவதுதான் தொண்டையில் மாட்டிய முள்.

மைக் முதல் தேர்வில் பன்னிரண்டு மார்க் வாங்கியவள். அடுத்து இருபத்திரண்டு. கடைசியாக முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

டீச்சர் பெயர் நீக்கும் படிவத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தபோது, மொழி வாத்தியார் பலகைக்கு மேலே தலையை நீட்டினார்.

"அந்தப் பொண்ணையா? அது ஏறிக்கிட்டே வருதேம்மா. நாலு மார்க்குதானே?"

"அவங்க அப்பா மலைப்பக்கம் லோடு எடுத்திருக்காரு சார். இனிமே பாதி நாள் சிக்னல் இருக்காது. மறுபடி இறங்கிடுவா."

"பாடத்தை எழுதி அனுப்பு. சிக்னல் வரப்ப படிச்சுக்கட்டும்."

"ஒருத்திக்காகப் பள்ளிக்கூடத்தையே பணயம் வைக்கச் சொல்றீங்களா? மத்த பிள்ளைங்க எங்க போவாங்க?"

"மத்த பிள்ளைங்களா, நீயா?" என்று கேட்டுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சுரீரென்றது. பொய்யாக இருந்தால் சுட்டிருக்காது. மூடினால் அவளைத் திரும்பச் செங்கல் பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள். ஐம்பது தலைகள், கடைசி பெஞ்ச், காதோரம் விசிறுகிற கைகள். பள்ளிக்காக, பிள்ளைகளுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதிலும் பாதி உண்மை இருந்தது. முழுப் பொய்யைவிடப் பாதி உண்மைதான் மனுஷரை நிம்மதியாகத் தப்புப் பண்ண வைக்கும்.

டிரைவருக்குப் போன் போட்டாள். வண்டி ஓடுகிற இரைச்சல் கேட்டது. அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சொல்லுங்க டீச்சர். பொண்ணும் பக்கத்துலதான் இருக்கு."

அது அவள் எதிர்பாராதது. இருந்தாலும் தயார் செய்து வைத்ததை ஒப்பித்தாள். "அண்ணா, பாப்பாவுக்கு வயசு ஏறுது. வண்டியிலயே எத்தனை நாளைக்கு? உங்க அக்கா ஊர்ல ஹாஸ்டலோட ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. நான் பேசிட்டேன். நேர்ல உக்காந்து படிச்சா, கூடப் பழக நாலு பிள்ளைங்க இருந்தா, இன்னும் நல்லா வருவா."

பேசியது நிஜம். அந்தப் பள்ளிக் குமாஸ்தா 'வந்தா பாக்கலாம்' என்றிருந்தான். வந்தால் பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"எனக்கும் அந்த உறுத்தல் இருக்கு டீச்சர்" என்றார் டிரைவர். "பொம்பளப் பிள்ளைய வண்டியில வச்சு இழுத்துக்கிட்டுத் திரியறோமேன்னு. எனக்கென்ன தெரியும்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பிறகு பெண்ணின் குரல் வந்தது.

"டீச்சர், நான் ஃபெயிலாயிடுவேன்னு நினைக்கிறீங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நான் இல்லேன்னா ஸ்கூலுக்கு நல்லதா டீச்சர்?"

டீச்சருக்கு இருமல் வந்தது. இருமி முடித்தபோது டிரைவர், "ஏய், பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் சம்மதம் வந்து சேர்ந்தது. டிரைவருக்கு டைப் அடிக்கத் தெரியாது. 'என் மகளை வேறு பள்ளிக்கு மாற்ற முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று ஒரு பிழை இல்லாமல் அடித்து அனுப்பியது யார் என்று டீச்சருக்குத் தெரியும். அப்படிப் பிழையில்லாமல் எழுத அவளும் மொழி வாத்தியாரும் அந்தப் பெண்ணை எவ்வளவு பாடுபடுத்தியிருப்பார்கள்!

அதற்கப்புறம் வகுப்பில் மைக்கைப் போட மறந்தால், சொல்ல ஆளில்லாமல் போனது. ஒரு நாள் வட்டியைப் பற்றி ஒரு பாடம் முழுவதையும் ஊமையாகவே நடத்தி முடித்தாள். 'புரிஞ்சுதா?' என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முடிவு வந்த காலையில் பெரிய சார் முன்கூட்டியே இனிப்புப் பெட்டி வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகளின் மார்க் முந்தின நாளே தனித்தனியாகத் தெரிந்துவிட்டது. ஆறு என்று எண்ணியிருந்தார்கள். ஏழு பேர் தேறிவிட்டார்கள். அடிதடிக்காரப் பையன் யாரும் எதிர்பாராமல் கரையேறியிருந்தான். ஒன்பதில் ஏழு! பெரிய சார் தசம புள்ளிகளோடு சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். துறையின் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தேர்ச்சி விழுக்காடு என்கிற கட்டத்தைப் பார்த்தார்.

அதில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது.

"பக்கம் சரியாத் திறக்கல" என்று மறுபடி திறந்தார். மறுபடியும் நட்சத்திரம்.

கணக்கு டீச்சர் பரீட்சை எழுதியவர்களை விரல் விட்டு எண்ணினாள், ஒன்பது. பெரிய சார் துறைக்குப் போன் போட்டார். எதிர்முனை அதிகாரி பொறுமையான மனுஷர். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"பத்துப் பேருக்குக் கீழ எழுதினா நாங்க விழுக்காடு வெளியிடறதில்ல சார். பிள்ளைங்களோட அந்தரங்கம் பாருங்க."

"வெளியிட வேணாம் சார். நீங்க மட்டும் பாத்துக்குங்க. ஏழு பேர் சார்!"

"வெளியிடாத கணக்கை வச்சு முடிவெடுக்க முடியாதே. விதிப்படி உங்க பள்ளி இந்த வருஷம் முன்னேற்றத்தை நிரூபிக்கல." அவர் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இன்னும் ஒரே ஒரு பிள்ளை எழுதியிருந்தாப் போதும் சார். தேறணும்னுகூட இல்ல. வந்து உக்காந்து வெறும் பேப்பரைக் குடுத்திருந்தாலும் பத்துல ஏழு, எழுபது. தாண்டியிருப்பீங்க."

பெரிய சார் போனை வைத்தார். இனிப்புப் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினார். பிறகு ரொம்ப நிதானமாக, "நீங்கதானே டீச்சர் கணக்குப் போட்டது?" என்றார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி அவர் தலையில் போட்டிருக்கலாம். யார் போடச் சொன்னது? யார் ஒன்றுமே சொல்லாமல் சொன்னது? ஆனால் வாயில் வந்தது வேறு. "ஆமா சார். நான்தான்." பத்துக்குக் கீழே போனால் நட்சத்திரம் என்று அவள்தான் வகுப்புக்கே சொல்லிக்கொடுத்தாள். மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மற்றவர்களுக்குச் சொன்னதைத் தன் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

பள்ளியை மூடினார்கள். பலகைகளைக் கழற்றி டயர் கடைக்காரரே விலைக்கு எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பையனின் அம்மா போன் செய்து, இனிமேல் என்ன செய்வது என்று கேட்டாள். பெரிய சார், பக்கத்துப் பள்ளியில் விசாரியுங்கள் என்றார். டீச்சருக்கும் உத்தரவு வந்தது. பெரிய பள்ளி, வகுப்புக்கு ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள். அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால் அவள் பஸ் ஏறி, லாரி டிரைவரின் அக்கா ஊருக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளிடமே பதில் கிடையாது. மன்னிப்புக் கேட்கவா, அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள் என்று பார்த்து மனசை ஆற்றிக்கொள்ளவா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அக்கா சலவைக் கூடம் நடத்துகிறவள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு எல்லாம் அங்கேதான் வரும். ஆள் உயர எந்திரங்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. சுவரெல்லாம் ஆவி வியர்த்து வழிந்தது.

"ஓ, நீங்கதானா அந்த டீச்சர்?" என்று அத்தைக்காரி மேலும் கீழும் பார்த்தாள். "பேசி வச்சிருக்கேன்னு சொன்னீங்களாமே, அங்க கூட்டிட்டுப் போனோம். எட்டாவதுலதான் உக்கார வைப்போம்னுட்டாங்க. வளந்த பிள்ளை, குட்டிப் பசங்களோட உக்காருமா? வேணாம் அத்தைன்னு திரும்பிட்டா. சும்மா இருக்க வேணாமேன்னு இங்க மடிக்கிறா. அதோ, உள்ள."

இத்தனை நாளாகத் தோளுக்கு மேலே மட்டுமே பார்த்த பெண் முழுசாக நின்றுகொண்டிருந்தாள். நல்ல உயரம். விரிப்பின் இரண்டு முனைகளையும் விரித்துப் பிடித்து, உதறி, மடித்து அடுக்கினாள். கை வேகம் பார்த்தால் ரொம்ப நாள் பழகியவள் போல இருந்தது. விரலெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. டீச்சர் கூப்பிட்டாள். எந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தற்செயலாகத் திரும்பிய பெண்தான் கண்டுகொண்டாள்.

"டீச்சர்! ஐயோ, நீங்க இவ்ளோ குள்ளமா?"

ஓடி வந்து ஈரக் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எங்கே இருக்கிறார், எந்த மலையில் இன்னும் சிக்னல் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். சத்தத்துக்கு மேலே பேச இதற்குள் பழகியிருந்தாள். பிறகு திடீரென்று முகம் மாறியது.

"டீச்சர், ஹாஸ்டல், கூடப் பழக நாலு பிள்ளைங்கன்னு நீங்க அப்பாகிட்ட சொன்னீங்கல்ல, அது பொய்னு எனக்கு அப்பவே தெரியும். கோபமெல்லாம் இல்ல. அறுபது தாண்டலேன்னா ஸ்கூலை மூடிடுவாங்கன்னு பசங்க பேசிக்கிட்டாங்க. சதவீதம் நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, நானும் போட்டுப் பாத்தேன். நான் போனாத்தான் ஸ்கூல் நிக்கும்னு வந்துச்சு. அதான் அப்பாவைச் சம்மதிக்க வச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நின்னுச்சா டீச்சர்?"

டீச்சர் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றுதான் ஆட்டினாள். அவளைக் கேட்காமலே தலை ஆடிவிட்டது.

அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"தெரியும் டீச்சர்! நான் அத்தைகிட்ட சொன்னேன், பாருங்க, நின்னுடும்னு!" பிடித்திருந்த கையை விடாமல் குலுக்கினாள். "அப்ப வர்ற வருஷம் நான் மறுபடி சேந்துக்கறேன். அப்பா வண்டியில என் சீட்டு அப்படியேதான் இருக்கு. இந்தத் தடவை முப்பத்தஞ்சு தாண்டிடுவேன், பாருங்க. சேத்துக்குவீங்கல்ல?"

டீச்சரின் வாய் திறந்தது, மூடியது. உதடு என்னவோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் ஓர் எந்திரம் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ள ஆரம்பித்து, கூடமே அதிர்ந்தது.

பெண் காதை அவள் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"டீச்சர், மைக் ஆஃப்ல இருக்கு!"